யார் காத்திருப்பது? பரோலோ: அன்றும் இன்றும்

1950-களின் அக்டோபரில் இத்தாலியின் ஆல்பா நகரச் சந்தைக்கு வண்டி கட்டி வந்த குடியானவனுக்கு ஒரே கவலைதான். இருட்டுவதற்குள் பழத்தை விற்றாக வேண்டும். வண்டியில் இருப்பது நெபியோலோ திராட்சை. வருடம் முழுக்கப் பார்த்துப் பார்த்து வளர்த்தது. அவனுடைய அவசரம் தரகருக்குத் தெரியும். காலையில் ஒரு விலை சொல்லிவிட்டுக் காப்பிக் கடைப் பக்கம் நகர்ந்துவிடுவார். மதியம் திரும்பி வந்து அதிலும் கொஞ்சம் குறைப்பார். வெயில் ஏற ஏற அடியில் கிடக்கும் பழம் நசுங்கிச் சாறு வடியத் தொடங்கும். வீட்டுக்குத் திருப்பி ஓட்டிப் போனால் அதைப் போட்டு வைக்கப் பீப்பாய் கிடையாது. பீப்பாய் இருந்தாலும், ஒயினாக்கி நாலைந்து வருடம் வைத்திருக்கும் அளவுக்கு வீட்டில் அரிசியோ, அவர்கள் ஊர் வழக்கப்படி மக்காச்சோள மாவோ கிடையாது. சாயங்காலம் தரகர் சொன்ன விலையே விலை.

அந்தப் பழத்திலிருந்து வந்த ஒயின்தான் பரோலோ. இத்தாலியின் வடமேற்கில், பியட்மாண்ட் மாநிலத்தில், லாங்கெ என்னும் குன்றுப் பகுதியில் விளைவது. ஒயின்களில் அரசன் என்றும் அரசர்களின் ஒயின் என்றும் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பட்டம் கட்டிக்கொண்டது. பட்டத்துக்கும் சந்தையில் நின்ற வண்டிக்காரனுக்கும் இடையே இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்று தேடிப் போனால் காரணம் அந்த ஒயினின் குணத்திலேயே இருக்கிறது. பரோலோ என்பது காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கான ஒயின். இன்னும் சரியாகச் சொன்னால், காத்திருக்க வசதி உள்ளவர்களுக்கானது. அந்த வசதி யாரிடம் இருந்து யாரிடம் போனது என்பதைப் பார்த்தாலே பரோலோவின் அன்றும் இன்றும் பாதி விளங்கிவிடும் என்பது என் கணிப்பு.

முதலில் அந்தப் பழம். நெபியோலோ பிடிவாதக்காரக் கொடி. வசந்தத்தில் மற்றவற்றுக்கு முன்பே துளிர்த்துவிடும், ஆகவே பின்பனியில் கருகும் ஆபத்து அதற்கு அதிகம். பழுப்பதோ எல்லாவற்றுக்கும் கடைசியில். பக்கத்து நிலத்தில் தொல்செத்தோ, பார்பெரா வகைத் திராட்சைகள் அறுவடையாகி வீடு சேர்ந்த பிறகும், அக்டோபர் மூடுபனி பள்ளத்தாக்கில் இறங்கிய பிறகும், அது கொடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். நவம்பர் முதல் வாரத்தில் கை விறைக்க விறைக்கப் பறித்த வருடங்கள் உண்டு. எந்தச் சரிவில் நெபியோலோ நடலாம் என்பதற்குப் பெரியவர்கள் வைத்திருந்த சோதனை எளிமையானது: குளிர்காலத்தில் பனி எங்கே முதலில் உருகுகிறது என்று பார். தெற்குப் பார்த்த அந்த வெயில் முகத்துக்கு உள்ளூர்ப் பேச்சில் சொரீ என்று பெயர். அங்கே நட்டால்தான் பழுக்கும். அப்படியும் பத்து வருடத்தில் மூன்று நான்கு வருடம்தான் ஒழுங்காகப் பழுத்தது. 1972 அறுவடை அத்தனை மோசம். அந்த வருட ஒயினைப் பரோலோ என்ற பெயரிலேயே விற்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

பெயர் பெற்ற சிவப்பு ஒயின் என்றால் கன்னங்கரேல் என்று, கோப்பைக்குப் பின்னால் விரல் தெரியாதபடி இருக்கும் என எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குப் பரோலோ முதல் பார்வையிலேயே ஏமாற்றம் தரும். நிறம் வெளிறியது. இளமையிலேயே மாதுளைச் சிவப்பு, வயதாக ஆக ஓரத்தில் செங்கல் நிறம் ஏறும். மூக்கருகே கொண்டு போனால் காய்ந்த ரோஜா, அதோடு தார். ரோஜாவும் தாரும் என்பது இந்த ஒயினைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்லித் தேய்ந்த ஜோடிதான், ஆனாலும் அதைவிடப் பொருத்தமாக வேறு சொல்ல வரவில்லை. பின்னால் அதிமதுரம், காய்ந்த இலை, பழையதானால் ஆல்பாவின் புகழ்பெற்ற வெள்ளை ட்ரஃபிள் காளானின் மண்வாசம். இத்தனை மென்மையான நிறமும் மணமும் பார்த்து நம்பி வாயில் ஊற்றினால் கதை வேறு. டானின் என்னும் துவர்ப்புப் பொருள் ஈறு முழுக்கப் பிடித்துக்கொள்ளும். வெறும் கொட்டைப்பாக்கை மென்றது போல நாக்கு வறண்டு, மேலண்ணம் இழுக்கும். கூடவே கூர்மையான புளிப்பு. பழைய முறையில் செய்த பரோலோ முதல் பத்து வருடம் குடிப்பவரை உள்ளே விடாது. பிறகு அந்தத் துவர்ப்பு மெல்ல மெல்ல இளகி, மணத்துக்கு வழிவிடும். அப்படி ஒரு பாட்டில் திறந்துகொண்ட பிறகு முப்பது, நாற்பது வருடம் தாங்கும்.

இதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம். பரோலோ என்று எழுத உரிமை உள்ள ஊர்கள் பதினொன்று. அவற்றில் லா மோர்ரா பக்கம் மண் வயதில் இளையது, களிமண் சேர்ந்தது. ஒயின் சீக்கிரம் இளகும், மணம் தூக்கல். கிழக்கே செர்ரலுங்கா, மோன்ஃபோர்த்தே பக்கம் சுண்ணாம்பும் மணற்பாறையும் கலந்த பழைய மண். அங்கே விளைவது முரடு, நீண்ட நாள் நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில், பரோலோ ஊரை ஒட்டி, கன்னூபி என்னும் நீண்ட குன்று. அதன் பெயரோடு 1752 என்று ஆண்டு போட்ட பாட்டில் ஒன்று இன்றும் இருக்கிறது. பரோலோ என்ற சொல் எந்த ஒயின் பாட்டிலிலும் ஏறுவதற்கு முந்தைய காலம் அது.

அந்தக் காலத்து நெபியோலோவை இப்போது நமக்குக் கொடுத்தால் பரோலோ என்று நம்ப மாட்டோம். 1787-இல் டூரின் நகருக்கு வந்த தாமஸ் ஜெஃபர்சன் அதைக் குடித்துப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்: இனிப்பாக இருந்தது, துவர்ப்பும் இருந்தது, நுரைத்தும் வந்தது. பிந்திப் பழுக்கும் பழம், அதன்பின் உடனே வரும் குளிர். நொதித்தல் பாதியிலேயே உறைந்து நின்றுவிடும். மிஞ்சிய சர்க்கரை அடுத்த வசந்தத்தில் மறுபடி பொங்கும். இதைச் சுத்தமாக, சர்க்கரை தீரும்வரை நொதிக்க வைத்து, உலர்ந்த ஒயினாக்கி, பாட்டிலில் அடைத்து வைக்கும் வேலை 1830, 40-களில் நடந்தது. செய்தவர்கள் பிரபுக்கள். இத்தாலியை ஒன்றாக்கிய கவூர் அப்போது கிரின்சானே ஊரில் குடும்பத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அந்த ஊருக்கு மேயராகவும் இருந்தார். ஸ்தாலியேனோ என்ற தளபதியை ஒயின் வேலைக்கு அமர்த்தினார். லூயி உதார் என்ற பிரெஞ்சுக்காரர்தான் எல்லாவற்றையும் மாற்றினார் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்ட கதை. சமீப கால ஆய்வாளர்கள் தளபதியின் பக்கம் சாய்கிறார்கள். பரோலோ ஊரின் கோட்டைக்காரச் சீமாட்டி ஜூலியட் கோல்பேர் பிரான்ஸில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். அரசர் கார்லோ ஆல்பெர்த்தோ ஒருநாள், உங்கள் ஒயினைப் பற்றி இவ்வளவு கேள்விப்படுகிறேன், சுவைக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை என்றாராம். சீமாட்டி 325 பீப்பாய்களை வண்டி வண்டியாக அனுப்பினாராம். வருடத்துக்கு 365 நாள், தவக்காலம் நாற்பது நாளைக் கழித்து, மிச்ச நாளுக்குத் தினம் ஒன்று. கணக்கு அத்தனை அழகாக வருவதைப் பார்த்தால் கதை கட்டியவருக்கும் கொஞ்சம் பரோலோ கிடைத்திருக்க வேண்டும்.

இந்தக் கதையில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். பரோலோவைக் காத்திருக்க வைக்கக் கற்றவர்களிடம் நிலவறை இருந்தது, பணம் இருந்தது, அவசரம் இல்லை. 1864-இல் சீமாட்டி வாரிசின்றி இறந்தார். சொத்து அறக்கட்டளைக்குப் போனது. பிரபுக்களின் இடத்தில் மெல்ல வியாபாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். பழத்தை வாங்குவது, பெரிய நிலவறையில் எல்லா ஊர்ப் பழத்தையும் கலந்து ஒயினாக்குவது, வருடக்கணக்கில் வைத்து விற்பது. இந்த முறைதான் நூறு வருடத்துக்கு நடந்தது.

குன்றின் மேல் வாழ்ந்தவர்கள் கதையை பெப்பே ஃபெனோலியோ எழுதியிருக்கிறார். ஆல்பாவில் பிறந்தவர், பாசிசத்துக்கு எதிரான போரில் அந்தக் குன்றுகளிலேயே துப்பாக்கியோடு திரிந்தவர். 1954-இல் வந்த அவருடைய ‘லா மலோரா’ குறுநாவலில் ஒரு தகப்பன் தன் மகனை ஒரு வாரக்குடியானவனிடம் பண்ணையாளாக அனுப்பிவிடுகிறார். பையனுக்குக் கிடைக்கும் கூலி வீட்டுக் கடனுக்குப் போகும். இன்று அந்தப் பகுதியின் விடுதிகளில் ஃபெனோலியோவின் படத்தை மாட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை. அந்த நாவலைப் படித்துவிட்டு அதே விடுதியில் அறை வாடகையைக் கேட்பதுதான் கொஞ்சம் கஷ்டம்.

போர் முடிந்தபின் குன்றுகள் காலியாகத் தொடங்கின. டூரினில் ஃபியட் ஆலை கூப்பிட்டது. ஆல்பாவிலேயே 1946-இல் ஃபெரேரோ மிட்டாய்த் தொழிற்சாலை ஆரம்பமானது. பிறகு நுட்டெல்லாவால் உலகம் முழுக்கப் பெயர் பெற்ற அதே நிறுவனம். லாங்கெ மேட்டு நிலத்தில் விளையும் ஹேசல் கொட்டைதான் அதன் தொடக்க காலத்து மூலப்பொருள். குன்றூர்களுக்குப் பேருந்து விட்டு ஆட்களை வேலைக்கு அழைத்துப் போய் மாலையில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். விடியலிலும் பொழுது சாய்ந்தும் கொடியைப் பார்த்துக்கொண்டு, நடுவே ஆலைக் கூலி வாங்கிய குடும்பங்கள் நிலத்தை விற்காமல் தப்பித்தன. இன்றைய பரோலோ முதலாளிகள் சிலருடைய நிலம் கையை விட்டுப் போகாமல் இருந்ததற்குச் சாக்லேட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இதை யாரும் பாட்டில் மேல் எழுதுவதில்லை.

நுத்தோ ரெவெல்லி என்பவர் அந்தப் பகுதிக் குடியானவர்களை ஒலிநாடாவில் பேச வைத்துத் தொகுத்த நூல்கள் 1977-லும் 1985-லும் வந்தன. இரண்டாவது நூல் பெண்களுடையது. அதில் ஒரு செய்தி வருகிறது. குன்றில் விவசாயம் பார்க்கும் ஆணுக்கு உள்ளூரில் பெண் கொடுக்க ஆளில்லை. சேறு, மாடு, மாமியார் என்று பெண்கள் நகரத்துக்கு ஓடிவிட்டார்கள். ஆகவே பச்சாலே என்று அழைக்கப்பட்ட கல்யாணத் தரகர்கள் நாட்டின் தெற்கு முனையில் உள்ள கலாப்ரியா வரை போய், ஏழைக் குடும்பத்துப் பெண்களைப் பேசி முடித்து, ரயிலேற்றிக் கொண்டுவந்தார்கள். மொழி புரியாத ஊரில், முன்பின் பார்க்காத ஆளோடு, மூடுபனிக்குள் இறங்கிய பெண்கள். இன்று கன்னூபியில் ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவனுக்குப் பெண் கிடைக்காது என்று சொன்னால் அந்த ஊர்ப் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

நிலத்தில் நின்றுகொண்டே ஒயினும் செய்து தன் பெயரிலேயே பாட்டிலில் அடைத்து விற்பது என்ற யோசனை 1960-களில் பரவத் தொடங்கியது. 1961-இல் ஆல்பாவின் புருனோத்தோவும் காஸ்திலியோனே ஃபல்லெத்தோவின் வியெட்டியும் ஒற்றைச் சரிவின் பழத்தை மட்டும் தனியே ஒயினாக்கிப் பெயர் போட்டன. பிரேசிலில் வேலை பார்த்துவிட்டு 1965-இல் திரும்பிய ரெனாத்தோ ராத்தி, லா மோர்ராவின் பழைய மடத்தில் ஒயின் செய்துகொண்டே எந்தச் சரிவு எவ்வளவு உயர்ந்தது என்று வரைபடம் போட்டார். 1966-இல் அரசு பரோலோவுக்கு எல்லையும் விதியும் வகுத்தது. 1980-இல் இத்தாலியின் மிக உயர்ந்த தரச் சான்று கிடைத்த முதல் சில ஒயின்களில் பரோலோவும் ஒன்று. சான்று வந்தது, காசு வரவில்லை. கிடங்குகளில் பாட்டில்கள் தேங்கிக் கிடந்தன. 1986 மார்ச்சில் வெடித்தது மெத்தனால் விவகாரம். மலிவான ஒயினில் சாராய வீதத்தைக் கூட்ட மெத்தனால் கலந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், சிலர் கண்ணை இழந்தார்கள். கலப்படம் செய்த கிடங்கு இருந்த நார்சோலே பரோலோ குன்றுகளுக்குப் பக்கத்து ஊர். பரோலோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பியட்மாண்ட் ஒயின் என்றாலே வாங்குபவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

அதற்குள் ஒரு மகன் ரம்பத்தை எடுத்துவிட்டிருந்தார்.

எலியோ அல்தாரே லா மோர்ராவில் அன்னுன்சியாத்தா என்னும் குக்கிராமத்துக்காரர். 1976-இல் பிரான்ஸின் பர்கண்டிக்குப் போனார். ஓட்டலில் தங்கக் காசில்லாமல் தன் ஃபியட் ஐந்நூறு காருக்குள்ளேயே தூங்கி எழுந்து ஒரு ஒயின்காரரைப் பார்க்கப் போனார். அவரோ வாரக் கடைசிக்குக் கடற்கரைக்குப் புறப்பட போர்ஷே காரோடு நின்றுகொண்டிருந்தாராம். அவரும் குடியானவன்தான், நானும் குடியானவன்தான், அவரிடம் போர்ஷே எப்படி வந்தது? அல்தாரே பலமுறை சொன்ன இந்தக் கேள்வியில் இருப்பது பொறாமை என்று நான் நினைக்கவில்லை. தன் நிலம் எதற்கும் குறைந்ததில்லை என்று தெரிந்தவனுடைய கணக்கு அது. பர்கண்டியில் சின்னச் சின்னப் பீப்பாய்கள், ஒவ்வொன்றும் 225 லிட்டர், புது ஓக் மரம், சுத்தமான நிலவறை. வீட்டிலோ தாத்தா காலத்துப் பெரும் பீப்பாய்கள், ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளளவு, கழுவ வழியில்லாமல் உள்ளே பூசணம். அப்பா மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை. 1983-இல் ஒருநாள் மகன் மோட்டார் ரம்பத்தை எடுத்து அந்தப் பீப்பாய்களை அறுத்துப் போட்டார். அப்பா மகனைச் சொத்திலிருந்து நீக்கினார். சில வருடத்தில் இறந்தும் போனார், சமாதானம் ஆகவில்லை. நிலத்தைப் பிற்பாடு உடன்பிறந்தவர்களிடமிருந்து அல்தாரே விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

ஒரு தலைமுறையே அவர் பின்னால் போனது. பரோலோ பாய்ஸ் என்று பெயர் வாங்கினார்கள், அதே பெயரில் 2014-இல் ஆவணப்படமும் வந்தது. இவர்கள் மாற்றியது என்ன? ஜூலையிலேயே காய்க் குலைகளில் பாதியை வெட்டித் தரையில் போட்டார்கள், மிச்சத்துக்குச் சத்து சேரட்டும் என்று. பசி பார்த்த பெரியவர்களுக்கு அது பாவமாகவே பட்டது. சாற்றைத் தோலோடு ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஊறப்போட்ட இடத்தில், சுழலும் எஃகுத் தொட்டியில் நாலைந்து நாளில் நிறத்தை இழுத்துக்கொண்டார்கள். பெரும் பீப்பாய்க்குப் பதில் புது ஓக். விளைவு: நிறம் அடர்ந்தது, துவர்ப்பு வழுவழுத்தது, வனிலா மணம் ஏறியது, வாங்கிய அன்றே குடிக்க முடிந்தது. ராபர்ட் பார்க்கர் போன்ற அமெரிக்க விமர்சகர்கள் நூற்றுக்கு மதிப்பெண் போடும் காலம் அது. மதிப்பெண் பொழிந்தது, விலையும் ஏறியது. தரகரிடம் கெஞ்சி நின்றவர்களின் பிள்ளைகள் நியூயார்க்கில் விருந்துண்டார்கள். காத்திருப்பதற்குக் காசில்லாதவன் காத்திருக்கவே தேவையில்லாத ஒயினைக் கண்டுபிடித்துவிட்டான். அதை எப்படிக் குறை சொல்வது?

குறை சொன்னவர் பர்தோலோ மஸ்கரெல்லோ. பரோலோ ஊரின் நடுவே சின்ன நிலவறை, தொலைபேசி வைக்க மறுத்த மனிதர், இடதுசாரி. நான்கு இடங்களில் இருந்த துண்டு நிலங்களின் பழத்தை ஒன்றாகக் கலந்து ஒரே பரோலோ செய்தார். ஒரு சரிவில் ஆலங்கட்டி விழுந்தாலும் இன்னொன்று காப்பாற்றும், ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்பும். அது அவருடைய அப்பா காலத்து வழி. புது ஓக் பீப்பாய் நெபியோலோவின் ரோஜாவைக் கொன்று எல்லா நாட்டு ஒயினையும் ஒரே மாதிரி ஆக்குகிறது என்றார். சக்கர நாற்காலியில் முடங்கிய பிறகு பாட்டிலுக்கான தாள்களைக் கையாலேயே வரைந்து வண்ணம் தீட்டினார். அவற்றில் ஒன்று, சின்னப் பீப்பாயும் வேண்டாம், வலதுசாரித் தலைவர் பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று கேலி செய்தது. ஊர் இரண்டு பட்டது. ஒரே தெருவில் இருந்தவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பத்திரிகைகள் இதைப் போர் என்றே எழுதின. மோன்ஃபோர்த்தேயில் கொன்தெர்னோ குடும்பம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மோன்ஃபோர்த்தினோ என்ற தன் பரோலோவை ஏழு வருடம் பெரும் பீப்பாயிலேயே கிடத்திக்கொண்டிருந்தது.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், கோப்பையில் பர்தோலோ, தோட்டத்தில் எலியோ என்று சொல்வேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு புது ஓக் மணம் குடிப்பவர்களுக்கே அலுத்துவிட்டது. சின்னப் பீப்பாய் வைத்திருந்த பலர் ஓசைப்படாமல் பெரும் பீப்பாய் வாங்கினார்கள். பழைய முறையில் தோலோடு ஊறவைப்பது திரும்பி வந்தது. ஆனால் காய்க்குலை வெட்டுவது, நிலவறையைக் கழுவித் துடைப்பது, சரியான நாளில் பறிப்பது எல்லாம் பழமைவாதிகளின் தோட்டத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. 2005-இல் பர்தோலோ இறந்தார். மகள் மரிய தெரேசா அதே நான்கு நிலம், அதே கலப்பு என்று தொடர்கிறார். அப்பா காலத்தில் சாதாரண விலைக்குப் போன அந்தப் பாட்டிலை இன்று சேகரிப்பாளர்கள் ஏலத்தில் துரத்துகிறார்கள்.

சண்டை அடங்கியதற்கு ஒயின்காரர்களின் பக்குவம் மட்டும் காரணமில்லை. வானிலை நடுவே புகுந்துவிட்டது. 1990-களின் நடுவிலிருந்து நல்ல வருடங்கள் வரிசையாக வந்தன. பத்துக்கு மூன்று என்றிருந்தது தலைகீழானது. அறுவடை செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபர் முதல் பாதிக்கும் நகர்ந்துவிட்டது. 13 சதவீதச் சாராய வீதத்தை எட்டவே திணறிய ஒயின் இப்போது பதினான்கரை, பதினைந்து காட்டுகிறது. பழம் முழுக்கப் பழுப்பதால் துவர்ப்பும் முன்போல முரடாக இல்லை. சுழல்தொட்டி கொண்டு மகன்கள் சாதிக்க நினைத்ததை வெயில் சும்மாவே செய்து தந்துவிட்டது என்று கூடச் சொல்லலாம். கூடவே அதன் கூலியையும் கேட்கிறது. 2003-இன் அனல், 2017-லும் 2022-லும் வறட்சி, இளவேனிற் பனி, ஆலங்கட்டி. பனி முதலில் உருகும் சொரீயில் இப்போது பழம் வாடுகிறது. நெபியோலோ அல்லாமல் பார்பெராவோ வேறெதுவோ நட்டு வந்த உயரமான, குளிர்ந்த மூலைகளில் கண் விழுகிறது. வடக்கு முகச் சரிவில் பரோலோவுக்கு நெபியோலோ நடக் கூடாது என்பது விதி. அதைத் தளர்த்தலாமா என்ற பேச்சு எழுந்தபோது ஊரில் பெரும் வாக்குவாதம். தளர்த்தினால் காடும் கொட்டைமரமும் அழியும், விலையும் விழும் என்கிறவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. இருபது வருடம் கழித்துத் தெற்குச் சரிவுகள் என்ன விளைவிக்கும் என்று கேட்பவர்களிடமும் இருக்கிறது.

காடு ஏற்கெனவே நிறையப் போய்விட்டது. 1990-களில் 1,200 ஹெக்டேர் அளவில் இருந்த பரோலோ தோட்டங்கள் இன்று 2,200-ஐ ஒட்டி நிற்கின்றன. வருடத்துக்குச் சுமார் 1.4 கோடி பாட்டில். 2010 அறுவடையிலிருந்து பாட்டிலில் எழுத அனுமதிக்கப்பட்ட நிலப்பெயர்கள், ஊர்ப்பெயர்களையும் சேர்த்து, 181. ராத்தி கையால் வரைபடம் போட்டுத் தொடங்கிய வேலை இன்று சட்டம். 2014-இல் யுனெஸ்கோ இந்தக் குன்றுகளை உலக மரபுச் சின்னமாக்கியது. 700 பேர் வாழும் பரோலோ ஊரின் கோட்டைக்குள் ஒயின் அருங்காட்சியகம். குடியானவன் கருவியும் கம்பளியும் போட்டு வைத்த சியபோத் எனும் ஒற்றையறைக் கொட்டகைகள் வாடகைக்கு விடும் அழகுக் குடில்களாகிவிட்டன.

குடிக்கும் வழக்கமும் மாறிவிட்டது. முன்பு பரோலோவை அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைகூடத் திறக்க மாட்டார்கள், கல்யாணத்துக்கும் நோய்க்கும்தான். செர்ரலுங்காவின் கப்பெல்லானோ என்ற மருந்துக்கடைக்காரர் அதில் சின்கோனா மரப்பட்டையும் மசாலாவும் ஊறவைத்து கினாத்தோ என்று ஒரு மருந்தொயின் செய்தார். நீலகிரி நடுவட்டத்தில் வெள்ளைக்காரர்கள் பயிரிட்ட அதே மரத்தின் பட்டை. சளிக்கும் செரியாமைக்கும் அதைச் சுடவைத்துக் கொடுத்தார்கள். இன்று அது சாக்லேட்டோடு சாப்பிடும் நாகரிகப் பானம். பரோலோவும் அப்படித்தான் நாகரிகப் பானமாகிவிட்டது, ஆனால் அதன் இடம் சாப்பாட்டு மேசை. மூன்று மணி நேரம் ஒயினிலேயே வேக வைத்த மாட்டிறைச்சி, முட்டை மஞ்சளில் பிசைந்த மெல்லிய தயாரின் சேமியா, கொழுப்பேறிய பாலாடைக்கட்டி. இவற்றின் பக்கத்தில் வைத்தால்தான் அந்தத் துவர்ப்பு எதற்கென்று புரியும். தனியாகக் கோப்பையைச் சுழற்றிக் குடிக்கிறவர்கள் பாதி ஒயினைத்தான் குடிக்கிறார்கள்.

கொடி வேலை மட்டும் இன்னும் கைவேலைதான், சரிவில் இயந்திரம் ஏறாது. அதைச் செய்கிறவர்கள் மாறிவிட்டார்கள். கலாப்ரியாப் பெண்களுக்குப் பிறகு மாசிடோனியர்கள், ருமேனியர்கள், இப்போது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இளைஞர்கள். நடுவில் கங்காணிகள். அறுவடைக் காலத்தில் ஆல்பாவில் படுக்க இடமில்லாமல் ஆற்றோரம் தங்குபவர்கள் உண்டு. 2024-இல் கூலிகளை இரும்புக் கம்பியால் அடித்து வேலை வாங்கிய கங்காணிகள் மீது போலீசார் வழக்குப் போட்டார்கள். ஃபெனோலியோவின் பண்ணையாள் பையனுக்குச் சோறும் வைக்கோல் படுக்கையுமாவது இருந்தது.

நிலத்தின் விலை இப்போது ஹெக்டேருக்குப் பதினைந்து, இருபது லட்சம் யூரோ. பேர் போன சரிவென்றால் அதற்கும் மேல். நம் கணக்கில் ஏக்கர் ஆறு முதல் எட்டு கோடி ரூபாய். விதிப்படி ஒரு ஹெக்டேரில் அதிகபட்சம் எட்டு டன் பழம் எடுக்கலாம், அது ஏழாயிரத்துச் சொச்சம் பாட்டில். பாட்டில் 25 யூரோவுக்கு விற்றதாக வைத்துக்கொண்டால் வருடத்துக்குச் சுமார் 1,80,000 யூரோ. கூலி, வரி, பாட்டில், தக்கை எதையும் கழிக்காமல் இருபது லட்சத்தைத் தேற்ற பதினோரு வருடம் ஆகும். கழித்தால் ஒரு தலைமுறை போதாது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஒயினில் ஆசை இருந்து, மற்ற இருவர் தங்கள் பங்கை ரொக்கமாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணக்குப் புலமை வேண்டாம். சந்தையில் ஒரு நாள் தாங்க முடியாமல் பழத்தை விற்றார்கள் தாத்தாக்கள். பேரப்பிள்ளைகளுக்கு விற்கச் சொல்லி அழுத்துவது வறுமை இல்லை, விலை.

2016-இல் வியெட்டி நிறுவனத்தை அமெரிக்காவின் கிராஸே குடும்பம் வாங்கியபோது ஊர் முழுக்க இதே பேச்சு. 1961-இல் ஒற்றைச் சரிவு ஒயினை முதலில் செய்தவர்களில் ஒருவரின் வீடு அது. விற்ற பிறகும் அந்த வீட்டு மகன் லூக்கா குர்ராதோ ஏழு வருடம் அங்கேயே ஒயின் செய்தார். 2023-இல் விலகி, மனைவியோடு சேர்ந்து செர்ரலுங்காவில் சொந்தமாகத் தொடங்கியிருக்கிறார். பரோலோ என்று எழுதுவதானால் அறுவடையிலிருந்து 38 மாதம், அதில் 18 மாதம் மரத்தில் என்பது விதி. அவருக்கும் அதேதான்.